தானே மாறும் கியரும் நாமே எழுதும் ஏடும்

ஒரு கூட்டுறவு ஆய்வாளர்

கூட்டுறவுச் சங்கங்களின் கணக்குகளைப் பார்வையிடச் செல்லும் என்னைப் போன்றவர்கள் அங்கத்தினர்களிடம் ஓயாது சொல்லும் சொல் ஒன்று உண்டு. “ஏட்டில் ஏறாதது நடந்ததாகாது” என்பதே அது. நூல் வாங்கியதாயினும், சேலை விற்றதாயினும், நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் செய்ததாயினும் அன்றைக்கே அதற்குரிய புத்தகத்தில் எழுதப்பட்டிருத்தல் வேண்டும். இல்லையேல், பின்னால் பத்துப் பேர் எழுந்து நின்று வாயால் சாட்சி சொன்னாலும் பயன் இல்லை. இதைக் கேட்டுக் கேட்டு அங்கத்தினர்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கலாம். ஆனால் சங்கக் கட்டடத்துக்கு வெளியே, என் சொந்தக் குடும்பத்தில், பதினேழு லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய ஒரு மோட்டார் வண்டியின் பொருட்டு அதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது. அந்த அநுபவம் பிறருக்கும் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் இதனை எழுதுகிறேன்.

இன்று நம் அங்கத்தினர்களில் பலர் சொந்த வண்டி வைத்திருக்கிறார்கள். மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்த ஆண்டில் விவசாயியும், தீபாவளி விற்பனை சிறப்பாக அமைந்த ஆண்டில் ஜவுளித் தொழில் செய்பவரும் தவணைக் கடன் பெற்று, எஸ்.யு.வி. என்று வழங்கும் உயரமான வண்டியை வாங்குகின்றனர். அவற்றிலும், கிளட்ச் மிதி இல்லாமல் கியரைத் தானே மாற்றிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக் வகையை நாடுவோர் தொகை வளர்ந்து வருகிறது. இடக்காலுக்கு ஓய்வு, நெரிசலில் அலுப்பில்லை. இவை மெய்யான நன்மைகளே. ஆயினும், வாங்கி ஓர் ஆண்டு நிரம்புவதற்குள் அந்தக் கியர்ப் பெட்டியே தொல்லை தருமானால் என்ன செய்வது?

திம்பம் மலைப்பாதையில்

என் தமக்கையின் கணவர் சத்தியமங்கலத்துக்கு அருகே மஞ்சளும் கரும்பும் பயிரிடுபவர். விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் நெடுநாளைய அங்கத்தினர். தாளவாடி மலைமேல் குத்தகை நிலத்தில் முட்டைக்கோசும் வைத்திருப்பதால், வாரத்தில் இரண்டு தடவை திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியவர். அப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை அப்பக்கம் சென்றவர்கள் அறிவர். இடது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு கிளட்ச் மிதிப்பது அவருக்குத் துன்பமாயிற்று. ஆகவே 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் ஓர் ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி. வாங்கினார். ஐந்து ஆண்டுத் தவணை.

ஆவணி மாதத்தில், வண்டி 10,600 கிலோமீட்டர் ஓடியிருந்த சமயம், ஒரு சனிக்கிழமை பிற்பகல் குடும்பத்தோடு மலை ஏறினார். மேலே ஒரு வளைவில் லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. வண்டிகள் வரிசையாக நின்று, ஒரு முழம் நகர்ந்து, மறுபடியும் நின்று, ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஊர்ந்தன. முதலில் ஒரு கருகல் நெடி எழுந்தது. அடுத்து வண்டி காய்ச்சல்காரனைப் போல் நடுங்கிற்று. கியர்ப் பெட்டி மிகச் சூடேறிவிட்டதென்ற எச்சரிக்கை முன்பலகையில் தோன்றியது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் என்ஜின் இரைகிறது, சக்கரம் சுழலவில்லை. வண்டி பின்னோக்கி இரண்டு முழம் சரிந்தது. பின்னால் ஆட்கள் நிறைந்த பஸ் நின்றிருந்தது. கால் பிரேக்கையும் கைப் பிரேக்கையும் ஒருங்கே போட்டு நிறுத்தினார். என் தமக்கை குழந்தைகளை இறக்கி ஓரத்தில் நிறுத்திக்கொண்டாள். பஸ் கண்டக்டர் ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார். அரைமணி நேரம் ஆறிய பிறகு, ஒன்றுமே நடவாதது போல வண்டி மலை ஏறிற்று.

அடுத்த வாரம் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டு சென்றார். ஒரு நாள் வைத்திருந்து, “கம்ப்யூட்டரில் பிழை ஒன்றும் காட்டவில்லை ஐயா, ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழக வேண்டும்” என்று சொல்லி அனுப்பினார்கள். புரட்டாசியில் மறுபடியும் அதே நடுக்கம். இம்முறை, “மென்பொருளைப் புதுப்பித்துவிட்டோம்” என்றார்கள். ஐப்பசியில் மூன்றாந் தடவை, அதே பதில். முப்பது ஆண்டுகள் டிராக்டரும் லாரியும் ஓட்டிய மனிதர், என்னிடம் வந்து, “மாப்பிள்ளை, குற்றம் என் காலில்தான் போலிருக்கிறது, வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது” என்றார்.

நான் அவரிடம் கேட்டது ஒன்றுதான். “மாமா, மூன்று தடவை விட்டீர்களே, ஜாப் கார்டு எங்கே?” அவரிடம் இருந்தது முதலாவது இலவச சர்வீஸின் பில் மட்டுமே. மலைமேல் நடந்தது அவருக்கும் குடும்பத்தாருக்கும் தெரியும், ஏட்டுக்குத் தெரியாது.

கியர்ப் பெட்டி செய்யும் வேலை

மேலே செல்லுமுன், இந்த யந்திரத்தின் தன்மையைச் சிறிது அறிந்துகொள்ளுதல் நல்லது. என்ஜின் ஓடத் தொடங்கினால் நிற்காமல் சுழல வேண்டியது. சக்கரமோ அடிக்கடி நிற்க வேண்டியது. இரண்டையும் பிரிப்பதும் சேர்ப்பதும் கிளட்சின் வேலை. ஆயில் என்ஜினில் பெல்ட்டைச் சும்மா சுழலும் கப்பியிலிருந்து இழுக்கும் கப்பிக்குத் தள்ளியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தள்ளும்போது பெல்ட் ஒரு கணம் வழுக்கிப் பிறகு பிடிக்கும். அந்த வழுக்கல் ஒரு கணத்தில் முடிந்தால் கேடில்லை. பெல்ட் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தால் சூடேறும், நெடி எழும், பெல்ட் கருகும். கிளட்சின் கதையும் அதுவே.

ஆட்டோமேட்டிக் என்ற ஒரே பெயரால் விற்கப்படுவனவற்றில் நான்கு வகைகள் முக்கியமானவை. விற்பவர்கள் இவ்வேறுபாட்டை விளக்குவது அரிது. ஆனால் பழுதின் தன்மை வகைக்கு வகை மாறுபடுவதால், வாங்குவோர் இதனைத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் வகையில் என்ஜினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய டார்க் கன்வர்ட்டர் இருக்கிறது. ஒரு மின்விசிறியை ஓட்டி, அதன் எதிரே ஓடாத மற்றொரு விசிறியை வைத்தால், காற்றின் வேகத்தால் இரண்டாவதும் சுழலுமல்லவா? அங்கே காற்று, இங்கே எண்ணெய். பெருமளவில் விற்பனையான முதல் முழு ஆட்டோமேட்டிக் பெட்டி, அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939ஆம் ஆண்டில் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கு வெளியிட்ட ஹைட்ராமாட்டிக் ஆகும். அதுவும் எண்ணெயின் வழியே விசையைக் கடத்தியதே. இவ்வகை மெதுவாக ஊர்வதைத் தாங்கும், மலைப்பாதைக்கு ஏற்றது. எண்ணெய் கெட்டாலும் குறைந்தாலும் கியர் மாறுவதில் தாமதமும் அதிர்வும் காணும்.

இரண்டாவது சி.வி.டி. எனப்படுவது. இதில் பற்சக்கரப் படிகள் இல்லை. அகன்று சுருங்கும் இரண்டு கப்பிகளின் இடையே ஒரு பட்டை ஓடுகிறது. 1958ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு டாஃப் கம்பெனி சிறு காரில் இதனை வைத்தது. அதில் ரப்பர்ப் பட்டை. இக்காலத்தில் பெரும்பாலும் எஃகுப் பட்டை. ஓட்டம் மிக மென்மையானது. நீண்ட ஏற்றத்தில் எண்ணெய் சூடேறினால், பட்டையைக் காக்கும் பொருட்டு வண்டி தானே விசையைக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவது ஏ.எம்.டி. இது சாதாரண கியர்ப் பெட்டிதான். நம் கையும் காலும் செய்யும் வேலையை மின்சாரக் கருவி செய்கிறது. நம் நாட்டில் 2014ஆம் ஆண்டு முதல் சிறு கார்களில் பரவியது. விலை குறைவு, ஆனால் கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் அசையும்.

நான்காவது இரட்டைக் கிளட்ச் வகை. ஒரு கிளட்ச் 1, 3, 5 ஆகிய கியர்களையும், மற்றொன்று 2, 4, 6 ஆகியவற்றையும் பார்த்துக்கொள்கிறது. தறியில் ஒரு நாடா ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த நிறத்து நாடா பெட்டியில் ஆயத்தமாகக் காத்திருப்பது போல, ஒரு கியர் இழுத்துக்கொண்டிருக்கையிலேயே அடுத்தது ஆயத்தமாகிவிடும். ஆகவே மாற்றம் கண்ணிமைக்கும் நேரத்தில் நடக்கிறது. 2003ஆம் ஆண்டில் ஃபோக்ஸ்வேகன் கம்பெனி இதனைப் பொது விற்பனை வண்டியில் வைத்தது. இதிலும் இரு பிரிவுகள் உள. கிளட்ச் எண்ணெயில் நனைந்திருப்பது ஒன்று. எண்ணெய் இல்லாத உலர் கிளட்ச் மற்றொன்று. எண்ணெய் சூட்டை எடுத்துச் சென்றுவிடும். உலர் கிளட்சுக்கு அந்த உதவி இல்லை. நெடுஞ்சாலையில் குறைவின்றி ஓடும் உலர் கிளட்ச், ஏற்றத்தில் மணிக்கணக்காக ஊரும்போது பாதி பிடித்தும் பாதி வழுக்கியும் சூடேறிக்கொண்டே போகும். என் தமக்கை வீட்டாரின் வண்டி இவ்வுலர் வகையைச் சேர்ந்தது. வாங்கும்போது எவரும் இதனைச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

ஆஸ்திரேலியாவில் நடந்த வழக்கு

“ஓட்டும் முறையே காரணம்” என்ற பதிலைக் கேட்டது அவர் ஒருவர் மட்டும் அல்லர். கடல் கடந்த நாட்டிலும் இதே சொல் சொல்லப்பட்டு, அது நீதிமன்றம் வரை சென்றது. அவ்வழக்கு நாம் கவனிக்கத்தக்கது.

ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு கம்பெனி பவர்ஷிஃப்ட் என்ற பெயருடைய உலர் இரட்டைக் கிளட்ச் பெட்டியை ஃபியஸ்டா, ஃபோக்கஸ் என்னும் கார்களிலும், ஈக்கோஸ்போர்ட் என்னும் சிறிய எஸ்.யு.வி.யிலும் வைத்து விற்றது. ஈக்கோஸ்போர்ட், நம் சென்னையை அடுத்த மறைமலை நகர்த் தொழிற்சாலையிலும் தயாரிக்கப்பட்டு வந்த வண்டியே. இப்பெட்டியுடன் ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்டவை எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவை. புது வண்டி வாங்கியவர்கள் நடுக்கம், தாமதம், திடீரென்று விசை இழத்தல் ஆகிய குறைகளைச் சொல்லிக்கொண்டு மீண்டும் மீண்டும் பணிமனைக்கு வந்தனர். அவர்களில் பலருக்குக் கிடைத்த பதில், அவர்கள் ஓட்டும் முறையே நடுக்கத்துக்குக் காரணம் என்பது.

அந்நாட்டுப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணையம் வழக்குத் தொடுத்தது. பெட்டியில் தரக் குறைவு இருப்பதும், நடுக்கம் அதன் அடையாளம் என்பதும் கம்பெனிக்குத் தெரிந்திருந்தும், வாடிக்கைக்காரர்களின் மேல் பழி சொல்லப்பட்டது என்பது வெளிவந்தது. 2015 மே மாதம் முதல் 2016 பிப்ரவரி வரை புகார்களை நடத்திய விதம் நியாயத்துக்குப் புறம்பானது என்பதைக் கம்பெனியே ஒப்புக்கொண்டது. 2018 ஏப்ரலில் ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் தண்டம் விதித்தது.

கதை அத்துடன் முடியவில்லை. வண்டி வாங்கியவர்கள் தனித்தனியே போகாமல் ஒன்றுகூடிக் கூட்டு வழக்கு நடத்தினர். பெட்டியின் சுழல்தண்டை அணைத்திருக்கும் ஸீல் வளையத்தின் வழியே எண்ணெய் கசிந்து உலர் கிளட்சின் மேல் படிவது, கிளட்ச் தகட்டின் பூச்சு, பெட்டியை ஆளும் மின்னணுக் கருவியின் பற்றாசு இணைப்பு ஆகியவை விசாரணையில் ஆராயப்பட்டன. 2021ஆம் ஆண்டில், இவ்வண்டிகள் சட்டம் கேட்கும் தரத்துக்கு ஏற்றவை அல்ல என்று தீர்ப்பாயிற்று. இழப்பீட்டை எவ்வாறு அளப்பது என்ற வாதம் 2024ஆம் ஆண்டில் அந்நாட்டின் உச்ச அதிகாரமுடைய நீதிமன்றம் வரை சென்றது.

இங்கு நாம் அறிய வேண்டியது யாது? எழுபதாயிரம் வண்டிகளில் ஒவ்வொன்றின் சொந்தக்காரரும், “என் கால்தான் சரியில்லை போலும்” என்று எண்ணித் தன் வீட்டில் இருந்திருந்தால், பழுது ஒருநாளும் பழுதாக வெளிவந்திராது. தனித்தனிப் புகாராக இருந்தவை பணிமனை ஏடுகளில் பதிவாகி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டபோதுதான் அவை சாட்சியமாயின.

ஏடு தொடங்கியது

நான் சொன்னபடி என் மாமா நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி வண்டியில் வைத்தார். ரொக்கப் புத்தகத்தைப் போலக் கட்டம் போட்டோம். தேதி, மணி, ஓடிய கிலோமீட்டர், இடம், ஏற்றமா சமதரையா, எத்தனை நேரம் ஊர்ந்தது, நடுக்கமா நெடியா தாமதமா, முன்பலகையில் தோன்றிய சொற்கள், ஆற எத்தனை நிமிடம் ஆயிற்று என்பனவே தலைப்புகள். முன்பலகை எச்சரிக்கையை உடன் இருந்தவர் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஓட்டும்போதே எழுதலாகாது, வண்டியை ஓரமாக நிறுத்திய பின்னரே எழுத வேண்டும்.

ஆறு வாரத்தில் பதினான்கு பதிவுகள் சேர்ந்தன. அவற்றைப் படித்தபோது முன் தெரியாத ஒன்று தெரிந்தது. மலையில் மட்டும் அன்று; சத்தியமங்கலம் கடைவீதியின் சமதரையில், காலை வேளையில், வண்டி குளிர்ந்திருக்கும்போதே ஐந்து தடவை நடுங்கியிருக்கிறது. சூடு மட்டும் காரணமானால் குளிர்ந்த வண்டி நடுங்குவானேன்? வாய்ப்பேச்சில் இது ஒருபோதும் வெளிவந்திராது.

அவ்வாண்டு நவம்பர் மாதம் கூட்டுறவு வார விழாவுக்கு ஈரோடு பக்கம் பல சங்கங்களிலிருந்து அங்கத்தினர்கள் வந்திருந்தனர். பகல் உணவின்போது மாமா தம் நோட்டைப் பற்றிச் சொன்னார். அதே வகை வண்டி வைத்திருந்த இருவர் எழுந்து வந்தனர். ஒருவர் வாழை பயிரிடுபவர். மற்றவர் பவானியில் ஜமுக்காள வியாபாரம் செய்பவர். இருவருக்கும் அதே நடுக்கம். இருவருக்கும் அதே பதில். இருவரும் வெட்கப்பட்டு வெளியே சொல்லாதிருந்தவர்கள். அன்று முதல் மூன்று நோட்டுகள் ஆயின.

டிசம்பரில் மூவரும் ஒரே தேதியிட்டு, தனித்தனியே, பதிவுகளின் நகலோடு விற்பனையாளருக்கும் தயாரிப்புக் கம்பெனிக்கும் ஒப்புகைச் சீட்டுடன் கூடிய பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினர். கடிதத்தில் கோபச் சொல் ஒன்றும் இல்லை. குறையின் விவரம், பணிமனைக்கு வந்த தேதிகள், உத்தரவாதத்தின் எந்தப் பிரிவின்படி எது கோரப்படுகிறது, தங்கள் பொறியாளரே உடன் வந்து மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் ஆகிய நான்குமே இருந்தன.

மூன்றாம் வாரம் பொறியாளர் ஒருவர் வந்தார். அவரே ஸ்டியரிங்கைப் பிடித்து, பண்ணாரியிலிருந்து ஏறினார். பதினோராவது வளைவில் அவர் காலின் கீழேயே வண்டி நடுங்கியது. அவர் ஒன்றும் பேசவில்லை. தம் குறிப்பில் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதற்கு ஒரு நகல் கேட்டு வாங்கினோம்.

பெட்டிகளைப் பிரித்துப் பார்த்ததில், மாமாவின் வண்டியிலும் வாழைக்காரர் வண்டியிலும் ஸீல் வளையம் கசிந்து கிளட்சில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்திருந்தது. இரண்டுக்கும் ஸீலும் கிளட்சும் கட்டணமின்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. ஜமுக்காளக்காரர் வண்டியில் கசிவு இல்லை. அவருடைய டிரைவர் ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்ஸிலரேட்டரை அரைகுறையாக மிதித்தே வண்டியை நிறுத்தி வைக்கும் பழக்கமுடையவர். அவர் நோட்டிலும் சமதரை நடுக்கம் ஒன்றுகூடப் பதிவாகியிருக்கவில்லை. மாமாவுக்கும் அப்பழக்கம் சிறிது இருந்தது. அதனை அவர் ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டார். ஏடு நமக்காக மட்டும் பேசாது; நமக்கு எதிராகவும் பேசும். அதனாலேயே அதற்கு மதிப்பு.

வாடகை வண்டிக்குச் செலவான தொகையைக் கேட்டதற்குக் கம்பெனி இசையவில்லை. அதன் பொருட்டு வழக்காட வேண்டாமென்று மாமா விட்டுவிட்டார். அது அவருடைய முடிவு. வேறொருவர் வேறுவிதமாக முடிவு செய்யலாம்.

சட்டம் காட்டும் வழி

அவ்வாறு முடிவு செய்வோருக்கு வழி உண்டு. 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை மாதம் அமலுக்கு வந்தது. கொடுத்த விலை 50 லட்ச ரூபாய்க்கு மேற்படாத பொருளைப் பற்றிய புகாரை மாவட்ட ஆணையத்தில் தொடுக்கலாம். புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்க முடியும். விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. பத்து முதல் இருபது லட்சம் வரை 400 ரூபாய். காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தாக வேண்டும். “அடுத்த சர்வீஸில் பார்ப்போம்” என்ற சொல்லை நம்பி நாளைக் கடத்துவோர் இக்கெடுவை நினைவில் வைக்க வேண்டும். ஆலோசனைக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் தொலைபேசி எண் இருக்கிறது.

ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர் இருந்தால், ஆணையத்தின் அநுமதி பெற்று, ஒருவரோ சிலரோ அனைவர் சார்பிலும் புகார் தொடுக்க இச்சட்டத்தின் 35ஆம் பிரிவு இடம் தருகிறது. கூட்டுறவுச் சங்கமும் இச்சட்டத்தின்படி ஒரு ‘நபர்’ ஆகும். ஆனால் வாணிக நோக்கத்துக்காக வாங்கிய பொருள் சட்டத்தின் பாதுகாப்புக்கு வெளியே போய்விடும். சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கியதற்கு மட்டும் விலக்கு உண்டு. சங்கத்தின் பெயரில் வண்டி வாங்குவோர் இதனை முன்கூட்டியே யோசித்தல் நலம்.

அளவுக்கு மிஞ்சி எதிர்பார்த்தலும் ஆகாது. 2006ஆம் ஆண்டில், புதுக் கார் ஒன்றின் கிளட்ச் பழுதைப் பற்றிய வழக்கில், உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகச் சொல்லும்போது வண்டி முழுவதையும் மாற்றித் தரும்படி ஆணையிட்டது சரியன்று என்று நம் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே உத்தரவாதப் புத்தகத்தை வாங்கும் நாளிலேயே படிக்க வேண்டும். கிளட்ச் தகட்டைத் ‘தேயும் பாகம்’ என்று சொல்லி விலக்கியிருக்கிறார்களா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. 2019இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, பழுதுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யுமாறு அரசாங்கம் தயாரிப்பாளருக்கு ஆணையிட முடியும். அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளன. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு இது பொருந்தும். விற்ற வண்டிகளின் தொகைக்கு ஏற்பக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் புகார்கள் சேரும்போதே இது செயலுக்கு வருகிறது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு புகாரும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கிறது என்பதை மறக்கலாகாது.

நாம் செய்ய வேண்டியவை

வாங்குமுன், “இது எந்த வகை ஆட்டோமேட்டிக்? கிளட்ச் உலர்ந்ததா, எண்ணெயில் நனைந்ததா?” என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெறுங்கள். நித்தம் மலை ஏறுபவர், ஏற்றத்தில் ஒரு முறையேனும் நின்று ஊர்ந்து பார்க்காமல் பணம் கட்ட வேண்டாம்.

ஓட்டும்போது, ஏற்றத்தில் வண்டியைப் பிரேக்கால் நிறுத்துங்கள். ஆக்ஸிலரேட்டரால் நிறுத்த வேண்டாம். முன் வண்டி நகர்ந்த ஒவ்வொரு முழத்துக்கும் நாமும் நகர வேண்டுமென்பதில்லை. சிறிது இடைவெளி விட்டு, ஒரே மூச்சில் நகர்ந்தால் கிளட்ச் வழுக்கும் நேரம் குறையும். சூட்டெச்சரிக்கை தோன்றினால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, கைப் பிரேக் போட்டு ஆறவிடுங்கள். நெடி எழுந்த பிறகும் வீம்புக்கு ஏறுவது, கருகும் பெல்ட்டை இன்னும் இறுக்குவது போன்றதே.

பழுது கண்டால், நீங்கள் சொன்ன குறையை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதச் செய்து, கையொப்பமிட்ட நகல் பெறாமல் சாவியைக் கொடுக்காதீர்கள். “ஒன்றும் பழுதில்லை” என்பதே முடிவானாலும், அதனையும் எழுதி வாங்குங்கள். மூன்று தடவை “பழுதில்லை” என்று எழுதிக் கொடுத்தவரின் காலின் கீழேயே நான்காவது தடவை வண்டி நடுங்கும்போது, அந்த மூன்று தாள்களுக்கும் மதிப்பு வந்துவிடும்.

கடந்த பொங்கலுக்குத் தமக்கை வீட்டுக்குச் சென்றிருந்தேன். வண்டி நன்றாக ஓடுகிறது. முன்பெட்டியைத் திறந்தபோது அந்த நோட்டு அங்கேயே இருந்தது. பழுது தீர்ந்த பிறகும் மாமா எழுதுவதை விடவில்லை. கடைசிப் பக்கங்களில் மாதத்துக்கு ஒரு வரி: “திம்பம் ஏற்றம், லாரி நெரிசல் முக்கால் மணி, நடுக்கம் இல்லை.”

“குறை இல்லாதபோது எதற்கு மாமா எழுதுகிறீர்கள்?” என்று கேட்டேன்.

“சங்கத்தில் லாபம் வந்த ஆண்டும் கணக்கு எழுதத்தானே சொல்கிறீர்கள், மாப்பிள்ளை!” என்றார்.

ஆய்வாளனாகிய எனக்கு அதற்கு மறுமொழி இல்லை.